மூன்று சாமிகளும் நான்கு பாட்டில்களும்

வெளிநாட்டுத் திருப்பணிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். விசா வாங்குவது, டிக்கெட் போடுவது, உளிகளை எந்தப் பெட்டியில் வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணினியில் தட்டினால் வந்துவிடும். எந்த நாட்டுக்குள் எதை வரியில்லாமல் கொண்டுபோகலாம், எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் மாமல்லபுரத்து ஆள் ஒருவரைக் கொண்டுபோய் அயல்நாட்டுச் சுங்க அதிகாரியின் முன்னால் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பது எதிலும் இல்லை. அது என் தலையில்தான் இருக்கிறது. இறக்கி வைத்துவிடுகிறேன்.

நான் தினமும் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வந்து, நம் சிற்பக்கூடத்தின் தகரக்கூரை அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். வெளிநாடுகளில் கோயில் கட்டுகிறவர்கள் நம்மிடம் சிற்பிகளைக் கேட்பார்கள். அவர்களை அனுப்பிவைப்பது என் பொறுப்பு. ஆங்கிலம் பேச ஓர் ஆள் தேவை என்றால் என்னையும் கூடவே அனுப்புவார்கள்.

நான் சேர்ந்த புதிதில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மேலாளர் ஒருவர் இருந்தார். வேலை சொல்லிக்கொடுப்பதைவிட மற்றவர்கள் சொதப்பிய கதைகளைச் சொல்வதில் அவருக்கு ஆர்வம் அதிகம். அவர் சிற்பி ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு குளிர்நாட்டுக்குப் போயிருந்தார். சிற்பியின் பையில் உள்ளங்கை அளவில் ஒரு கல் யானை. அங்கே தங்க இடம் கொடுக்கும் குடும்பத்துக்குப் பரிசு. அந்த நாட்டில் பரிசுப் பொருளுக்கு ஒரு வரம்பு உண்டு. யானையின் உண்மையான விலை அந்த வரம்பின் கணுக்காலுக்குக்கூட வராது.

அதிகாரி யானையைக் கையில் எடுத்து, "ஹவ் மச்?" என்று கேட்டிருக்கிறார்.

நம்மூர் கடற்கரைக் கோயில் தெருவில் கடை போட்ட ஆளிடம் ஒரு வெள்ளைக்காரர் "ஹவ் மச்" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். மூளை யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. "டூ ஹண்ட்ரட் டாலர், சார்."

அதிகாரி முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் எழுதிக்கொண்டார். வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நம்மவர் நினைத்துவிட்டார். "ஓகே ஓகே. ஒன் ஃபிஃப்டி. மார்னிங் டைம், ஃபர்ஸ்ட் போணி."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"ஹண்ட்ரட், சார். லாஸ்ட் பிரைஸ். யுவர் பேமிலிக்கு ஒன் ஆமை ஃப்ரீ."

கண்ணெதிரே பாதி விலைக்கு இறங்கி வந்தவரை எந்தச் சுங்க அதிகாரியும் நம்பமாட்டார். யானையைத் தட்டிப் பார்த்தார்கள், மோந்து பார்த்தார்கள், உள்ளே ஏதாவது இருக்குமோ என்று படம் பிடித்தார்கள். கடைசியில் இருநூறு டாலருக்கே வரி போட்டுத்தான் வெளியே விட்டார்கள்.

இதைச் சொல்லிவிட்டு மேலாளர் என்னிடம் சொன்னார்: "சுங்கத்துல நிக்கறவர் வாங்க வந்தவர் இல்லம்மா. கேட்டதுக்கு உண்மையை ஒரே வாக்கியத்துல சொல்லணும். நம்ம ஆளுங்களை மாட்டிவிடறது எப்பவும் ரெண்டாவது வாக்கியந்தான்."

அன்றிலிருந்து விமானம் ஏறும் ஒவ்வொரு சிற்பிக்கும் இதை ஓதித்தான் அனுப்பினேன். வீட்டிலும் ஓதினேன். என் மகன் தினேஷ் பள்ளியிலிருந்து தாமதமாக வந்தால், "ஒரே வாக்கியம்" என்பேன். "பஸ் வரலை" என்பான். நல்ல பழக்கமாக வளர்க்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

இனி முக்கியமான கதைக்கு வருகிறேன். சிறுசேரியில் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பத் தொடங்கியிருந்த காலம். தினேஷ் அதே கட்டடங்களில் போய் உட்காருவான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவன் நம் கூடத்திலேயே வண்ணம் தீட்டும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சுதைச் சிற்பங்களுக்கு, அதாவது கோபுரத்தில் இருக்கும் சுண்ணாம்புக் கலவைப் பொம்மைகளுக்கு, கடைசியாகக் கண் எழுதுவதில் அவனுக்கு நல்ல கை. கண் எழுதினால்தான் பொம்மை தெய்வமாகும். சிங்கப்பூரில் ஒரு கோயிலில் கோபுர வேலை முடிந்து, கண் திறப்பு மட்டும் பாக்கி இருந்தது. மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். முதல் நாள் மாலை நாங்கள் போய் இறங்க வேண்டும்.

போனவர்கள் ஐந்து பேர். நான், தினேஷ், மூன்று சிற்பிகள். மூவரில் மூத்தவரைக் குருசாமி என்று கூப்பிடுவோம். வருடா வருடம் சபரிமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறவர் என்பதால் அந்தப் பட்டமே பெயராகிவிட்டது. நாங்கள் கிளம்பியது கார்த்திகை மாதம். மூன்று பேரும் மாலை போட்டிருந்தார்கள். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, நெற்றி நிறைய விபூதி, காலில் செருப்பு கிடையாது. தினேஷைக் கேட்டேன். "அடுத்த வருஷம் போட்டுக்கறேம்மா" என்றான். ஒரே வாக்கியம். நானும் விட்டுவிட்டேன்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது கோயில் கமிட்டித் தலைவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் பேசினார்.

"அம்மா, மெட்ராஸ் ஏர்போர்ட்ல டூட்டி ஃப்ரீ கடை இருக்குல்ல. ஒரு ஆளுக்கு ஒரு லிட்டர் விஸ்கி வரியில்லாம விடறாங்க. நீங்க அஞ்சு தலை வர்றீங்க. தலையை வீணாக்காதீங்க."

"சார், மூணு தலை மாலை போட்டிருக்கு."

"குடிக்கவா சொன்னேன், தூக்கிட்டுத்தானே வரச் சொன்னேன். நீங்கதான் பெரிய மனசு பண்ணணும். விசா லெட்டரெல்லாம் நான்தான் ஓடி ஓடி வாங்கிக் கொடுத்தேன்."

அவர் சொன்னதில் கடைசி வரிதான் முக்கியமானது. அடுத்த கோயிலுக்கும் அவர் கடிதம் தேவைப்படும். என் தலையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். நான்கு பாட்டில் என்று முடிவானது.

குருசாமியிடம் சொன்னபோது அவர் மாலையை ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கையால தொட மாட்டோம் மேடம். கடைக்குள்ளயும் வர மாட்டோம். தம்பிகிட்ட பாஸ்போர்ட்டைக் குடுத்துடறோம். வாங்கி வண்டியில வெச்சித் தள்ளிகினு வரட்டும். அது பாட்டுக்கு ஒரு ஓரமா வந்துகினு இருக்கட்டும், நாங்க பாட்டுக்கு வரோம்."

கிளம்பும் முன் எல்லாருடைய பைகளையும் நானே சோதித்தேன். அந்த ஊரில் சிகரெட்டுக்குச் சலுகையே கிடையாது என்பதால் ஒவ்வொரு சட்டைப் பையாகத் தடவிப் பார்த்தேன். தினேஷின் பையில்தான் அதிக நேரம் செலவழித்தேன். அவன் பாஸ்போர்ட்டில் அதுவரை ஒரு முத்திரைகூட விழுந்ததில்லை. முதல் முத்திரையே கறையாக விழுந்துவிடக் கூடாது என்பதுதான் அந்தப் பயணம் முழுக்க எனக்கிருந்த பயம். ஒருமுறை மாட்டிக்கொண்ட பெயர் பல ஊர்களில் கதவைச் சாத்திவிடும் என்பதை நான் தொழிலில் பார்த்தவள். அவன் பையில் இரண்டு பாக்கெட் சூயிங்கம் இருந்தது.

"டேய், அந்த ஊர்ல இதைக் கொண்டுபோகவே கூடாது. எதுக்குடா இவ்வளவு?"

"வாய் சும்மா இருக்காதும்மா."

எடுத்து வெளியே போட்டேன். இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு அத்தனை சூயிங்கம் எதற்கு என்று ஒரு தாய்க்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குச் சிங்கப்பூர்ச் சட்டம் மட்டும்தான் தோன்றியது.

மீனம்பாக்கத்தில் கடைக்குள் போய்விட்டு வந்த தினேஷ், "தலைவர் சொன்ன சரக்கு மூணுதாம்மா இருந்துச்சு. நாலாவதுக்கு வேற ஒண்ணு வாங்கிட்டேன்" என்றான். எனக்கு எல்லாம் ஒன்றுதான். சரி என்றேன்.

சிங்கப்பூரில் இறங்கினோம். பெட்டிகள் வந்தன. நான்கு பேருக்கு நான்கு லிட்டர், அளவுக்குள்தான் இருக்கிறது என்று, வரி கட்ட ஏதுமில்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நடந்தோம். என் கணக்கு சரி, எங்கள் தோற்றம்தான் சரியில்லை. வெறுங்காலோடு மூன்று கறுப்பு வேட்டிகள், நடுவில் தள்ளுவண்டி, வண்டியின் உச்சியில் ஒளிபுகும் பையில் நான்கு பாட்டில்கள் சிம்மாசனத்தில் உட்கார்ந்ததுபோல் வந்துகொண்டிருந்தன. அந்தப் பையை அடியில் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் வயதை ஒத்த பெண் அதிகாரி ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். பெட்டியில் இருந்த உளிகளும் சுத்தியலும் திரையில் தெரிந்திருக்கின்றன. நான் ஆங்கிலத்தில் விளக்கினேன், கோயிலின் கடிதத்தைக் காட்டினேன். உளிகளை விட்டுவிட்டார். அப்புறம் அவர் கண் வண்டியின் உச்சிக்குப் போனது.

நான் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "கேட்டா தலையை மட்டும் ஆட்டுங்க. மிச்சத்தை நான் பேசிக்கறேன்" என்றேன்.

"நீங்க பேச வேணாம்மா," என்றார் அதிகாரி, தெளிவான தமிழில். "அவங்களே சொல்லட்டும்."

சீருடையைப் பார்த்த பயத்தில் முகத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

அவர் குருசாமியைப் பார்த்து, "சாமி, இந்த பாட்டில் உங்களோடதா?" என்றார்.

"வண்டி எங்களுது. அது மேல கீறது எங்களுது இல்ல."

"உங்க பாஸ்போர்ட்ல வாங்கியிருக்கு."

"பாஸ்போர்ட்டு மாலை போடல மேடம். நான்தான் போட்டுகினு கீறேன்."

அதிகாரியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. உடனே இறுகிவிட்டது. எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார். "சொந்த உபயோகத்துக்குக் கொண்டு வந்தா ஆளுக்கு ஒரு லிட்டருக்கு வரி கிடையாது. வேற ஒருத்தருக்காகத் தூக்கிட்டு வந்தா அந்தச் சலுகை கிடையாது, வரி கட்டணும். மறைச்சா அபராதம். பொய் சொன்னா இன்னும் பெரிய பிரச்சினை, அறைக்குக் கூட்டிட்டுப் போய் விசாரிப்போம். இப்ப சொல்லுங்க சாமி, நீங்க குடிப்பீங்களா?"

குருசாமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சாமியே சரணம். மண்டல விரதத்துல கேக்கற கேள்வியா தாயி இது?"

மற்ற இரண்டு சாமிகளும் அவரவர் காதைப் பொத்திக்கொண்டார்கள். பின்னால் நின்ற கூட்டம் எட்டிப் பார்த்தது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சொந்த உபயோகம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வெளியே போய்விடலாம். ஆனால் அதைச் சொல்ல அந்த மூன்று பேருக்கும் வாய் வராது. அவர்களுக்காக நான் சொன்னால் மாலை போட்டவர்களைக் குடிகாரர்கள் என்று சாட்சி சொன்னவள் ஆவேன், அதுவும் பொய்ச் சாட்சி. உண்மையைச் சொன்னால் தலைவரின் கோபம், அடுத்த கோயில் வேலை, எல்லாம் அம்பேல். எதுவும் சொல்லாமல் நின்றால் அறைக்குள் அழைத்துப்போவார்கள், முகூர்த்தம் போகும், என் மகன் பெயரும் அவர்கள் பதிவில் ஏறும். சலுகையைத் தலைக்கு இத்தனை என்று கணக்கிடுகிறோம். அந்தத் தலையில் யார் இருக்கிறார்கள், இது என்ன மாதம் என்று யாரும் பார்ப்பதில்லை.

மேலாளர் ஞாபகம் வந்தார். ஒரே வாக்கியம்.

"இதெல்லாம் எங்களோடது இல்ல, கோயில் கமிட்டித் தலைவர் வாங்கிட்டு வரச் சொன்னது," என்றேன்.

அதிகாரி தலையசைத்தார். கோபப்படவில்லை. இப்படிப்பட்ட தலைவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார் என்று தோன்றியது. "வரி கட்டி எடுத்துட்டுப் போகலாம். இல்லைன்னா இங்கேயே விட்டுட்டுப் போகலாம். உங்க இஷ்டம்."

"விட்டுட்டுப் போறோம்."

அவர் பாட்டில்களை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். மூன்று ஒரே மாதிரி இருந்தன. நான்காவதைத் தூக்கிப் பார்த்தார். "இது மட்டும் வேற மாதிரி இருக்கே. இதுவும் தலைவருக்கா?"

"ஆமாம், அதுவும் அவருக்குத்தான்," என்றேன். அவர் கேட்காமலே இன்னொன்றையும் சேர்த்தேன். "கடைல மூணுதான் இருந்துச்சாம்."

இரண்டாவது வாக்கியம். அதிகாரி என்னை விட்டுவிட்டு தினேஷைப் பார்த்தார். அவன் காது மடல் சிவந்திருந்தது. எனக்கு அந்தச் சிவப்பு தெரியும். மூன்றாம் வகுப்பில் சாக்பீஸ் திருடியபோது பார்த்தது.

"தம்பி, வாங்கினது நீங்கதானே. நீங்க சொல்லுங்க. இது யாருக்கு?"

தினேஷ் என்னைப் பார்த்தான். அதிகாரியைப் பார்த்தான். மறுபடியும் என்னைப் பார்த்தான். அவன் எதைச் சொன்னாலும் ஓர் அதிகாரியிடம் மாட்டுவான், எந்த அதிகாரி என்பதுதான் கேள்வி.

"அது என்னுது மேடம்."

"குடிப்பீங்களா?"

"குடிப்பேன்."

"எப்பலேருந்துடா?" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

அதிகாரி என் பக்கம் கையை உயர்த்தினார். "அம்மா, இங்க கேள்வி கேக்கறது நான்."

பக்கத்தில் குருசாமி காதிலிருந்து கையை எடுத்துவிட்டார். இப்போது அவருக்கு எல்லாம் கேட்க வேண்டியிருந்தது.

அதிகாரி தினேஷின் பாஸ்போர்ட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பாட்டிலையும் பார்த்தார். பிறகு இரண்டையும் அவன் கையிலேயே கொடுத்தார். "சொந்த உபயோகம், ஒரு லிட்டர், வரி இல்லை. நீங்க போகலாம் தம்பி."

எங்கள் ஐந்து பேரில் சட்டப்படி, முறைப்படி, தலைநிமிர்ந்து அந்த நாட்டுக்குள் சரக்கோடு நுழைந்தவன் என் மகன் ஒருவன்தான். அவன் பாஸ்போர்ட்டில் கறை விழவில்லை. என் வயிற்றில் என்ன விழுந்தது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் படித்த பெண், பல நாட்டுச் சுங்க விதிகளை மனப்பாடமாக வைத்திருந்தவள். அந்த அதிகாரி அம்மாள் ஒரு நிமிடத்தில் கேட்ட கேள்வியை நான் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. பையைத்தான் சோதித்தேன். இன்றும் யாராவது என் எதிரில் சூயிங்கம் மென்றால், எந்த வாடையை மறைக்கிறார்கள் என்று என் மூக்கு தேடுகிறது.

வெளியே தலைவர் பூமாலையோடு காத்திருந்தார். எங்களைப் பார்ப்பதற்கு முன் வண்டியைத்தான் பார்த்தார்.

"எங்கம்மா?"

"சாமிங்களா? இதோ பின்னாடி வராங்க."

"அதில்லம்மா..."

"அதுங்களா? அதுங்க உள்ளேயே தங்கிடுச்சு சார். நீங்க வந்து வரி கட்டினா விடுவாங்களாம். கொண்டுவரச் சொன்னது யாருன்னு ஏற்கெனவே சொல்லிட்டேன்."

அவர் முகம் வாடியது. அப்போதுதான் தினேஷ் கையிலிருந்த பை அவர் கண்ணில் பட்டது. முகம் மறுபடியும் மலர்ந்தது. "பரவாயில்ல, ஒண்ணாவது வந்துச்சே," என்று கையை நீட்டினார். தினேஷும், சனியன் தொலையட்டும் என்பதுபோல், அதைக் கொடுக்கப் போனான்.

நான் நடுவில் புகுந்தேன். ஏன் புகுந்தேன் என்று எனக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. அவனை விசாரிக்க என் கையில் இருந்த ஒரே ஆதாரம் அது என்பதாலா, அல்லது அவன் அங்கே சொன்ன உண்மை வாசலிலேயே பொய்யாகிவிடக் கூடாது என்பதாலா. உரக்கச் சொன்னேன், சுற்றி நின்ற கமிட்டிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி.

"அதைத் தர முடியாது சார். அது என் பிள்ளை குடிக்கறதுக்கு."

தலைவர் கையை இழுத்துக்கொண்டார். குருசாமிதான் வேனில் ஏறும்வரை அடக்கிவைத்திருந்து, உட்கார்ந்ததும் சொன்னார். "மாலை போட்ட மூணு பேரும் காதைப் பொத்திகினு நின்னோம். மாலை போடாத தம்பிதான் மேடம் உண்மையைச் சொல்லிச்சு. அதை ஒண்ணும் திட்டாதீங்க."

"நீங்க சும்மா இருங்க குருசாமி."

"சும்மாதான் கீறேன். எப்பலேருந்துன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும்."

தினேஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். சுங்கச் சட்டப்படி அந்த பாட்டில் அவனுடையது. ஆனால் அன்றிரவு அது என் பெட்டிக்குள், என் புடவைகளுக்கு அடியில், பூட்டுக்குள் இருந்தது. சாவி என் தலையணைக்குக் கீழே.

விடியற்காலை கண் திறப்பு. நாதஸ்வரம் தொடங்கியது. கோபுரத்தின் சாரத்தில் முதலில் குருசாமி ஏறினார், பின்னால் தினேஷ். கீழே கூட்டம் கைகூப்பி நின்றது. முதல் நிலையில் இருந்த துவாரபாலகரின் வெள்ளை விழியில் அவன் தூரிகையைக் கொண்டுபோனான். அந்தக் கருவிழி ஒரு நெல்லளவு தவறினாலும் சாமி மாறுகண்ணாகிவிடும். அத்தனை பேரும் மேலே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சாரம் சிமெண்டு நாற்றம் அடித்தது, குடிக்கிறவர்களுக்குக் கை ஆடும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது.

ஒரு கண் முடிந்தது. அடுத்த கண்ணும் முடிந்தது. அவன் கை ஆடவில்லை.

சாரத்திலிருந்து இறங்கிய குருசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா மேடம், அண்ணாந்து பாத்துகினே நின்னீங்க? பாத்தது சாமி கண்ணையா, புள்ள கையையா?"

"கையை," என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.